மார்க்கு ஏறியிருக்கு

காசி, இலஞ்சியிலிருந்து அம்மா எழுதுகிறேன். என் முழங்கால் எப்படி இருக்கிறது என்றுதான் நீ முதலில் கேட்பாய். அது கிடக்கட்டும். பிள்ளைகள் சாதித்திருப்பதைச் சொல்லாமல் எனக்குப் பேனா நகராது. உன் அக்கா செண்பகத்தின் மூத்தவள் கார்த்திகா பன்னிரண்டாம் வகுப்பில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று எண்பத்தொன்று. உயிரியலில் நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூட வாசலில் அவள் முகத்தைப் பெரிதாகப் பேனர் அடித்துக் கட்டியிருக்கிறார்கள். பாவூர்சத்திரம் சந்தைக்கு லோடு ஏற்றிப் போகிற வண்டிகள் எல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும். இளையவன் முத்து மாவட்ட ஓட்டப்பந்தயத்தில் இரண்டாவது. முதலாவது வந்தவன் இவனைவிட ஒன்றரை வயது மூத்தவனாம், அதனால் கோவிலில் பார்க்கிறவர்களிடம் முதலாவது என்றே சொல்லிவிட்டேன். உன் மகள் உலகு புனேயில் மராட்டிப் பாட்டுப் பாடிப் பரிசு வாங்கியதை மருமகள் மகேசு போனில் காட்டினாள். ஒரு வார்த்தை புரியவில்லை, நான்கு தடவை பார்த்தேன். எல்லோருடைய படமும் நம் சுவரில் வரிசையாக இருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எண் எனக்குத் தெரியும். எண் கூடினால் சந்தோஷப்பட வேண்டும் என்பது தெரியும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் உனக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் பிரின்சி எனக்குப் போன் செய்தாள். சென்னை மருத்துவமனையில் வாரா வாரம் உன் ரத்தத்தை எடுத்துச் சின்னக் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டு போவாளே, அந்தப் பெண். “அம்மா, அண்ணன் ரெண்டு தடவையா ரத்தம் குடுக்க வரல. என் போனையும் எடுக்க மாட்டேங்கிறார். நீங்க சொன்னா கேப்பாரு” என்றாள். உடனே உன்னைக் கூப்பிட்டேன். நீ சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. “எம்மா, அந்த டெஸ்டு வெறும் ஏமாத்து. அன்னைக்கு அவ்வளவு ரத்தத்த எடுத்தாளே, என் குடலு வெந்து போற வரைக்கும் அது வாயத் தொறந்துச்சா? இனி ஒரு சொட்டு தர மாட்டேன்.” நான் போனை வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. காசி, அந்த ரத்தம் வாயைத் திறந்தது. நான்தான் அதைக் கேட்டும் கேட்காமல் விட்டேன்.

இதை நீ வாசித்த பிறகு அந்த வார்டில் இருக்கிற மற்ற அம்மாக்களுக்கும் காட்டு. அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சொல்லுவேன், பொறுத்துக்கொள். உன் எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிற்று. கூடப் பிறந்தவர்களில் பொருந்துகிறவர் இருந்தால் அவர்களுடைய ஸ்டெம் செல்லை எடுத்து ஏற்றலாம் என்றார்கள். செண்பகம் பொருந்தினாள். கண்ணாடி அறைக்குள் உன்னை வைத்து, உன் பழைய ரத்தத்தை மருந்தால் ஒழித்துவிட்டு, அவளுடையதை ஒரு பையில் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். தக்காளி ரசம் போல இருந்தது, இரண்டு காப்பி டம்ளர் அளவுக்கு மேல் இருக்காது. அந்த நாளை அவர்கள் பூஜ்யம் என்று எழுதினார்கள். உனக்கு அன்று முப்பத்து நான்கு வயது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது காலியாகிற சமயத்தில் உனக்கு உடம்பு தூக்கிப்போட்டுக் குளிர்ந்தது. நர்ஸ் போர்வை கொண்டுவந்தாள், இது சகஜம் என்றாள். கீழ்மாடியில் படுத்திருந்த செண்பகம் அதே நேரத்தில் எழுந்து உட்கார்ந்து “குளிருது, ஃபேனை அமத்துங்க” என்றாளாம். உன் அத்தான் சாயங்காலம் சொன்னார். ஃபேன் ஓடவே இல்லையாம்.

புது ரத்தம் வந்ததும் எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். பெரிய டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னார். “இனிமேதாம்மா கவனமா இருக்கணும். உள்ள வந்திருக்கிறது உங்க பொண்ணு ரத்தம். அது ஒவ்வொரு எடமா போய்ப் பார்க்கும். இது நம்ம வீடு இல்லையேன்னு தோணிட்டா, வீட்டுக்காரனையே அடிக்க ஆரம்பிச்சிடும். தோல், குடல், ஈரல். உள்ளங்கையில செவப்பு தெரிஞ்சா, வயித்தால போனா, ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க.” அவர் போன பிறகு பிரின்சி வந்து, வாரா வாரம் ரத்தம் எடுத்துப் பார்க்க உன்னிடம் கையெழுத்து வாங்கினாள். அவள் எனக்கும் சொன்னாள். “செவப்பு தெரியறதுக்கு முன்னாடியே உள்ள சேதம் தொடங்கியிருக்கும்மா. அங்கேருந்து சில பொருள் கசிஞ்சு ரத்தத்துல வரும். ஆள் சிரிச்சுக்கிட்டு இருப்பார், பசிக்குதுன்னு சொல்வார், அவருக்கே தெரியாது. ரத்தத்துக்குத் தெரியும். அந்த மார்க்கரத்தான் நாங்க அளக்கிறோம். கூடுனா கட்டாயம் வரும்னு இல்ல. வர்றதுக்கு வாய்ப்பு அதிகம்னு அர்த்தம்.” நான் தலையை ஆட்டினேன். படித்தவர்கள் வேகமாகப் பேசும்போது தலையை ஆட்டுவது எனக்குப் பழக்கம். ரத்தத்துக்குத் தெரியும் என்ற ஒரு வார்த்தை மட்டும் காதில் நின்றது, அதைக் கேட்டதும் கைமயிர் நட்டுக்கொண்டது. மற்றது எல்லாம் போய்விட்டது.

அந்த வார்டில் காலை வணக்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். “கவுண்ட் ஏறுச்சா?” என்றுதான் கேட்பார்கள். வெள்ளை அணு ஏற வேண்டும், தட்டணு ஏற வேண்டும். ஏறினால் அந்தப் பிள்ளையின் அம்மா எல்லோருக்கும் சாக்லேட் கொடுப்பாள். நானும் ஒரு நோட்டுப் போட்டுத் தினமும் எண்களைக் கேட்டு எழுதினேன். நர்ஸ்கள் என்னை நோட்டு அம்மா என்றார்கள். நோட்டின் கடைசிக் கட்டம் பிரின்சி வாரத்துக்கு ஒரு தடவை சொல்லும் எண்ணுக்கு, அதற்கு மேலே நான் ‘மார்க்கு’ என்று எழுதிவைத்திருந்தேன். மார்க்கர் என்று அவள் சொன்னது எனக்கு மார்க்கு என்றுதான் கேட்டது. கேட்டதை எழுதினேன். மார்க்கு என்றால் எனக்குக் கார்த்திகா வாங்குவதுதான் தெரியும்.

பதினைந்தாம் நாள் கவுண்ட் ஏறியது. இருபதாம் நாள் எதிர்த்தெருவில் வாடகைக்கு எடுத்த அறைக்கு வந்தோம், நீயும் நானும் மட்டும். மகேசு உலகுவின் பள்ளிக்கூடத்துக்காகப் போயிருந்தாள், செண்பகம் பாவூர்சத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள். வந்த நாலைந்து நாளில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நீ தூங்கினாய். மாதக்கணக்கில் அப்படி நீ தூங்கி நான் பார்த்ததில்லை. வாய் லேசாகச் சிரித்த மாதிரி, இரண்டு கையும் மல்லாந்து விரிந்து. அவ்வளவு அழகாக இருந்ததால் உன் போனை எடுத்து ஒரு படம் பிடித்தேன். போன் கையில் இருக்கும்போதே அடித்தது. பிரின்சி. “அம்மா, மார்க்கர் ஏறியிருக்கு. போன வாரத்தவிட ரொம்ப. நாளைக்குக் காலையில முதல் ஆளா கூட்டிட்டு வாங்க, டாக்டர் பார்க்கணும்னார்.” அவள் குரல் இறுகி இருந்தது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று “எவ்வளவு ஏறியிருக்கு தாயி?” என்று கேட்டு நோட்டில் எழுதினேன். முந்தின எண்ணைவிட மூன்று மடங்கு. அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். உன்னைத் தட்டி எழுப்பி, “ஏலே, மார்க்கு ஏறிட்டுலே” என்றேன். “நல்லதும்மா” என்று நீ திரும்பிப் படுத்தாய். செண்பகத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடுத்த அறை அம்மாவிடம் சொன்னேன். உனக்கென்று தனிப் பாத்திரத்தில் கேசரி கிண்டினேன்.

இனி சொல்லப்போவதை டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார். நீ திரும்பிப் படுத்தபின் தூக்கத்தில் பேசினாய். “எம்மோய்” என்றாய். நீ என்னைப் பிறந்ததிலிருந்து எம்மா என்றுதான் கூப்பிடுகிறாய். எம்மோய் என்று கூப்பிடுவது செண்பகம் மட்டும். “எம்மோய், தண்ணி ஏறுது” என்றாய். குரல் உன்னுடையதுதான். ஆனால் அந்த இழுப்பு, அந்தச் சலிப்பு அவளுடையது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். அறையில் குழாய் எதுவும் திறந்திருக்கவில்லை.

அந்த வார்த்தையை அவள் சொன்னது ஐந்தருவியில். அவளுக்கு அப்போது ஆறு வயது. சீசனில் நாங்கள் அங்கே பழக்கடை போட்டிருந்தோம். நீ கடைக்குப் பின்னால் சேலைத் தொட்டிலில் கிடந்த பால்குடிப் பிள்ளை. சாரல் நின்று வெயில் அடித்தது. அருவி நூலாக விழுந்துகொண்டிருந்தது, கண்ணாடி மாதிரித் தண்ணீர். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நூறு பேராவது குளிக்கிறார்கள். செண்பகம் என் முந்தானையை இழுத்து, “எம்மோய், தண்ணி ஏறுது” என்றாள். “ஏட்டி, போ, எங்க ஏறுது?” என்று தள்ளிவிட்டேன். உங்கப்பா அவள் காட்டிய இடத்தைப் பார்த்தார். தண்ணீரோடு நாலு இலை வந்தது. பழுத்து உதிர்ந்த இலை இல்லை, பச்சை இலை, காம்போடு பிய்ந்தது. மேலே எங்கேயோ மரத்தை எதுவோ பிடித்து உலுக்கியிருக்கிறது. அப்போதுதான் நான் கவனித்தேன், குரங்கு ஒன்றைக்கூடக் காணோம். உங்கப்பா தராசைப் போட்டுவிட்டு ஓடினார். “ஏறுங்க! எல்லாரும் வெளிய ஏறுங்க!” ஒருத்தர் தலையில் சீயக்காயோடு நின்று சிரித்தார். “அண்ணாச்சி, பல்லி மோண்ட மாதிரி விழுது, இதுக்குப் போயி...” “சிரிச்சுக்கிட்டே ஏறும்வே!” என்று அவர் கையைப் பிடித்து இழுத்துவந்தார் உங்கப்பா. கடைசி ஆள் படி ஏறி முடிப்பதற்குள் சத்தம் மாறியது. ஐந்தும் ஒன்றாகி, செம்மண் நிறத்தில் ஒரு சுவர் மாதிரி இறங்கியது. ஒரு ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காசி, ஏறுது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? சீசனுக்குச் சீசன் அந்தத் தண்ணீர்க் கரையில் நின்றவள் நான். பச்சை இலையைப் பார்த்தால் பழக்கூடையை விட்டுவிட்டு ஓடத் தெரிந்தவள். அந்த மத்தியானம் உன் தலைமாட்டில் நின்று அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, கனவு காண்கிறாய், நான் நூறு தடவை சொன்ன கதைதானே என்று கேசரியைக் கிளறப் போனேன். சனிக்கிழமை காலையிலும் நீ அசந்து தூங்கினாய். எழுப்ப மனம் வரவில்லை. மார்க்கு ஏறினது ஏறிவிட்டது, அதைக் காட்டத்தானே கூப்பிடுகிறார்கள், திங்கட்கிழமை எப்படியும் போக வேண்டும் என்று விட்டுவிட்டேன். பத்து மணிக்குப் பிரின்சி பெயர் போனில் வந்தது. எடுக்கவில்லை. பதினொன்றுக்கு வந்தது, பன்னிரண்டுக்கு வந்தது. சத்தத்தில் நீ எழுந்துவிடுவாய் என்று போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அது அங்கே கிடந்து உயிருள்ள பூச்சி மாதிரி அதிர்ந்துகொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ கையைக் காட்டினாய். “எம்மா, மருதாணி போட்ட மாதிரி இருக்கு பாரேன்.” பத்து மணிக்குள் வயிற்றால் போக ஆரம்பித்தது. அதற்குப் பிறகு நடந்தது உன் உடம்பில் நடந்தது, அதை நான் எழுத வேண்டாம். நாற்பது நாள் திரும்பவும் அதே வார்டு. ஒருநாள் நீ என்னிடம் கேட்டாய், “எம்மா, வாராவாரம் ரத்தம் எடுத்தாங்கள்லா, முன்னாலயே ஒண்ணும் சொல்லலையா?” “ஒண்ணும் சொல்லலய்யா” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. போனில் வந்திருந்த அழைப்புகளை அதற்கு முன்பே அழித்துவிட்டிருந்தேன், அழிக்கத் தெரியாத நான் அதற்காகவே அடுத்த அறை அம்மாவிடம் கற்றுக்கொண்டேன். அடுத்த நாள் பிரின்சி ஊசியோடு வந்தபோது நீ அவளைப் பார்த்து, “வாம்மா வா, சும்மா கொண்டுபோயி செடிக்கா ஊத்துத?” என்றாய். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு உன் கையைத் துடைத்துக்கொண்டே, “இனிமே இன்னும் சீக்கிரமா சொல்லப் பார்க்கிறேன் அண்ணா” என்றாள். தாயைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் உன் ஏச்சை வாங்கிக்கொண்டாள். அவள் நல்ல பெண், காசி. அவள் போனை எடு. அவளிடம் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது, நானும் சொல்ல வேண்டும்.

அந்த இரண்டு நாளைப் பற்றி டாக்டரிடம் யாருக்கோ கேட்பது போலக் கேட்டேன். “முன்னாடி ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு போயிருக்காதுன்னு யாரும் சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா நாங்க ஆரம்பிச்சிருப்போம்” என்றார். அதை நான் ஆறுதலாக எடுத்துக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. வார்டில் இருக்கிற அம்மாக்களுக்கு என்னால் சொல்ல முடிகிறது இதுதான்: எண்ணை எழுதும்போதே பக்கத்தில், இது ஏற வேண்டியதா இறங்க வேண்டியதா என்று கேட்டு எழுதுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். தலையை ஆட்டாதீர்கள். உனக்கு நான் சொல்லுவது, கோபத்தை என்மேல் வை, அந்தக் கோபத்துக்கு நான் தகுதியானவள்தான். ரத்தத்தின்மேல் வைக்காதே. அது உன் அக்காவுடையது. உன் ரத்த வகை மாறி அவளுடைய வகை ஆகிவிட்டது. கத்தரிக்காய் தின்றால் அவளுக்கு உதடு அரிக்கும், உனக்கு எந்தக் காலத்திலும் அரித்ததில்லை. போன பொங்கலுக்கு இங்கன வந்து ஒரு வாய் எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்ததும் உதட்டைத் தேய்த்தாயே, நீங்கள் இருவரும் ஒரே மாதிரி, ஒரே விரலால் தேய்த்ததை எதிரே உட்கார்ந்து நான் பார்த்தேன். அப்படியும் வருவது உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அதற்குப் பிறகு கத்தரிக்காய் வாங்குவதில்லை.

இவ்வளவு நாள் சொல்லாததை இப்போது ஏன் சொல்லுகிறேன் என்றால், முந்தாநாள் செண்பகம் வந்திருந்தாள். மார்க்கெட்டிலிருந்து நேரே வந்தவள், பேசிக்கொண்டே உள்ளங்கையைச் சேலையில் தேய்த்தாள். “என்னட்டி?” என்றேன். “மூணு நாளா அரிக்குது எம்மோய். வெண்டிக்காய் சுணையா இருக்கும், இப்ப லோடு நெறையல்லா வருது” என்றாள். வெண்டைக்காய்ச் சுணையாகத்தான் இருக்கும். இருபது வருடமாக வெண்டைக்காய் தரம் பிரிக்கிற கை அது, இதற்கு முன் அரித்ததில்லை என்பதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் நீ வீடியோவில் வந்தாய். நல்லா இருக்கேம்மா, பசிக்குது, தூக்கம் நல்லா வருது என்றாய். சிரித்தாய். பேசி முடிக்கிறவரை உன் வலது கை போன் திரைக்குக் கீழே இருந்தது. எதையோ தேய்க்கிற மாதிரி உன் தோள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பாய். ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். அதை நீயும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது, சொல்லத் தெரிந்தது உன் நரம்புக்குள் ஓடுகிறது. சனிக்கிழமை புனேயிலிருந்து ரயில் ஏறிச் சென்னைக்குப் போ. பிரின்சிக்கு நான் சொல்லிவிட்டேன், முதல் ஆளாக எடுப்பாள்.

இன்னும் ஒன்று. அந்த வெள்ளிக்கிழமை பிடித்த படத்தைத் தென்காசி ஸ்டுடியோவில் கொடுத்துக் கழுவி, சட்டம் போட்டு, பிள்ளைகள் வரிசையில் மாட்டியிருக்கிறேன். மாட்டி ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தேன். விரிந்து கிடக்கிற உன் உள்ளங்கையின் நடுவில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, லேசான ரோஜா நிறம். அன்று பக்கத்தில் நின்ற என் கண்ணுக்கு அது தெரியவில்லை. இப்போது தினமும் காலையில் விளக்கு ஏற்றும்போது பார்க்கிறேன். வெயில் படுகிற சுவர், படம் வெளுக்கத்தான் வேண்டும். மற்றப் பிள்ளைகள் படம் எல்லாம் வெளுக்கிறது. அந்தக் காசு மட்டும் சிவந்துகொண்டே வருகிறது. கழற்றிவிடலாம் என்றால் சுவரில் உன் இடம் காலியாக இருக்கும், அதையும் என்னால் பார்க்க முடியாது. அதனால் எனக்குப் புதிதாக ஒரு படம் வேண்டும். போனில் அனுப்பாதே, போன் முகத்தை வெளுப்பாக்குகிறது, சிவப்பைத் தின்றுவிடுகிறது. ஸ்டுடியோவுக்குப் போய், ரத்தம் கொடுத்த பஞ்சு முழங்கையில் ஒட்டியிருக்கும்போதே, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் விரித்து உள்ளங்கை எனக்குத் தெரிகிற மாதிரி நின்று எடுத்துக்கொள். எதற்கு இப்படி என்று போட்டோ பிடிக்கிறவர் கேட்பார். அம்மா கேட்டாள் என்று சொல்லு. காகிதத்தில் கழுவி, கவரில் போட்டு, தபாலில் அனுப்பு.